முதலில் மணியைக் கழற்றுங்கள்

வலை இருக்கும் வீட்டில் எலி இருக்கும். எலி இருக்கும் வீட்டுக்குப் பூனை வேண்டும். புதுச்சேரியின் அரியாங்குப்பம் கொம்யூனில், ஆறு கடலைத் தொடும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் பூனைக்கு இதற்குமேல் சிபாரிசு தேவையில்லை. மடித்து வைத்த வலையை ஓர் இரவில் எலி கடித்துக் குதறிவிட்டால், அதைக் கட்டிச் சரிசெய்ய நாள்கணக்கில் உட்கார வேண்டும். அந்த இழப்பைத் தடுக்கும் பூனைக்கு மீன் தலையும் குடலும்தான் சம்பளம்.

இன்று அந்தப் பூனைகளின் கழுத்தில் ஏதாவது ஒன்று தொங்குகிறது. கடையில் வாங்கிய சிவப்பு நைலான் பட்டை, குட்டி மணி, கண்ணேறு படாமலிருக்கக் கட்டிய கறுப்புக் கயிறு, சோழி, சில சமயம் வலை நூலையே முறுக்கிப் போட்ட முடிச்சு. தெருவில் திரிந்தது வீட்டுப் பிள்ளையாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். கூடவே பூனைக்கென்று மருந்து வாங்கும் வழக்கமும் வந்திருக்கிறது. தெள்ளுப்பூச்சி கடித்து, வாலடியில் முடி கொட்டி, ராப்பகலாகச் சொறிந்துகொண்டிருக்கும் பூனையைப் பார்க்கச் சகிக்காமல் கடைக்குப் போய் ஒரு சின்னக் குப்பி வாங்கி வருகிறார்கள். பின்கழுத்தில் சொட்டுவிட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்புகிறார். பட்டை இருப்பதும் அதே பின்கழுத்தில்தான். மருந்தும் பட்டையும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும்போது என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

நாக்கு எட்டாத இடம்

பூனை தன் உடம்பை நக்கி நக்கியே சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. வயிறு, முதுகு, வால் நுனி என்று எங்கும் அதன் நாக்கு எட்டும். எட்டாத இடங்களில் ஒன்று தலைக்குச் சற்றுக் கீழே, பின்கழுத்தின் மேல்பகுதி. அதனால்தான் சொட்டு மருந்தை அங்கே விடச் சொல்கிறார்கள். சற்றுக் கீழே தோள்பட்டைக்கு நடுவில் விட்டால், உடம்பை வளைத்து நக்கிவிடக்கூடிய பூனைகள் உண்டு. நாக்கில் பட்டுவிட்டால் அந்தக் கசப்புக்கே வாயில் நுரை தள்ளும். உள்ளே போகும் மருந்து உடம்புக்கும் ஆகாது.

பூனைக்குப் பரவலாகப் பயன்படும் ஃபிப்ரோனில் என்ற சொட்டு மருந்து தோலின் எண்ணெய்ப் பசையில் கரைந்து, ஓரிரு நாளில் உடம்பு முழுக்கப் பரவுகிறது. மயிர்க்காலை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, சில வாரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிகிறது. பூச்சியின் நரம்பை அடக்கிவைக்கும் வழியை அது அடைத்துவிடும். அடங்காத துடிப்பிலேயே பூச்சி சாகும். 1980-களின் நடுவில் ரோன்-பூலாங்க் என்ற பிரெஞ்சு நிறுவனம் கண்டுபிடித்த மருந்து அது. இமிடாகுளோபிரிட் என்ற இன்னொரு மருந்து நரம்பை வேறொரு வழியில் தாக்குகிறது. மூன்றாவதான செலாமெக்டின் தோலினூடே இரத்தத்தில் கலந்து வேலை செய்கிறது. மூன்றுக்கும் ஒரு விதி பொது. மருந்து முடியின் மேல் நிற்காமல் தோலில் விழ வேண்டும்.

இப்போது பட்டை கழுத்தில் இருக்கட்டும். பூனைக்கான ஃபிப்ரோனில் குப்பி ஒன்றில் இருப்பது மொத்தமே அரை மில்லிலிட்டர், ஏறத்தாழப் பத்துச் சொட்டு. துணிப்பட்டையோ பருத்திக் கயிறோ அதில் பாதியை உறிஞ்சிக்கொண்டால் தோலுக்குக் கிடைப்பது மீதிப் பாதி. பூச்சி சாகாது. வீட்டுக்காரர் மருந்து போலி என்று நினைப்பார், அல்லது இன்னொரு குப்பி வாங்கி அடுத்த வாரமே விடுவார். குறைவாகப் போன முதல் மருந்துக்குப் பரிகாரமாக இரண்டாவது மருந்து அளவுக்கு மிஞ்சிப் போகும். அளவு மிஞ்சுவது பல வீடுகளில் இப்படித்தான் தொடங்கும். அலட்சியத்தால் நடப்பதில்லை, அக்கறையால் நடக்கிறது.

உறிஞ்சிய பட்டை சும்மாவும் இருக்காது. மருந்தைக் கரைத்திருக்கும் திரவத்தோடு ஈரமாகத் தோலை அழுத்திக்கொண்டே கிடக்கும். அந்த இடம் சிவக்கும், முடி உதிரும், சில பூனைகளுக்குப் புண்ணாகும். மருந்து பட்டையின் ஓரமாக வழிந்து தொண்டைப் பக்கம் வந்துவிட்டால், பக்கத்தில் படுக்கும் இன்னொரு பூனை அதை நக்கும். தோல் பட்டையானால் சாயம் கரைந்து முடியில் இறங்கும். பூனையைக் கட்டிக்கொண்டு தூங்கும் குழந்தையின் கைக்கு முதலில் படுவதும் அந்தப் பட்டைதான்.

ஆகவே, மருந்துக் குப்பியைத் திறப்பதற்கு முன்பே கழுத்தில் உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பட்டை, மணி, கறுப்புக் கயிறு, சோழி எல்லாம். கோயிலில் மந்திரித்துக் கட்டிய கயிறானாலும் அறுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் புதிது கட்டிக்கொள்ளலாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். பூனை சாப்பிட்டுவிட்டு அமைதியாக இருக்கும் நேரம் பாருங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முடியை இரு பக்கமும் வகிர்ந்து, வெள்ளைத்தோல் தெரியும்படி செய்து, குப்பியின் நுனியைத் தோலில் வைத்து ஒரே இடத்தில் முழுவதையும் பிழிய வேண்டும். தேய்க்க வேண்டாம். அந்த இடத்தில் புண்ணோ கீறலோ இருந்தால் அன்று மருந்தே வேண்டாம்.

பட்டையை எப்போது திரும்பக் கட்டுவது? மருந்து முழுக்கக் காய்ந்த பிறகு. புதுச்சேரிக் கடற்கரையின் ஈரக்காற்றில் எண்ணெய்ப் பசை எளிதில் காயாது என்பதால் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுவது நல்லது. கட்டும்முன் முடியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். பழைய பட்டை பலகாலமாக அழுக்கேறியதானால் அதைத் துவைத்துக் காயவைக்கவும் இதுதான் சமயம். மருந்துக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் பூனையைக் குளிப்பாட்ட வேண்டாம். சோப்பு தோலின் எண்ணெயைக் கழுவிவிட்டால் மருந்து பரவ வழியிருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சொட்டு மருந்துகளில் பல, எளிதில் தீப்பற்றும் ஆல்கஹால் வகைத் திரவத்தில் கரைக்கப்பட்டவை. மருந்து வைத்த பூனை அன்றைக்கு அடுப்படியிலோ குத்துவிளக்கின் பக்கத்திலோ போய்ச் சுருண்டு படுக்கக் கூடாது. மழைக்காலத்தில் அடுப்போரம் குளிர்காயும் பூனைகள் உள்ள வீட்டில் இதை மறக்க வேண்டாம்.

அறுபடாத கயிறு

மருந்தின் பேச்சு வரும்முன்பே கழுத்துப் பட்டை ஆபத்தாகலாம். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். இறுக்கினால் மூச்சு முட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தளர்வாக இருந்தாலும் கேடுதான் என்பது பலருக்குத் தெரியாது. பூனை முன்னங்காலால் பட்டையை இழுக்கும்போது கால் உள்ளே போய்விடும். அக்குளில் பட்டை அறுத்து, நாள்பட்டால் ஆழமான புண்ணாகும். வேலியில், தென்னை மட்டையில், படகின் கொக்கியில் பட்டை மாட்டினால் பூனை தொங்கிப்போகும். இழுத்தால் தானாகத் திறந்துகொள்ளும் கொக்கி வைத்த பட்டைகள் இதற்காகத்தான் வந்திருக்கின்றன. வாங்கினால் அதை மட்டும் வாங்குங்கள்.

வலை நூலை என்றைக்கும் கட்டாதீர்கள். மீனின் துள்ளலுக்கே அறுபடாமலிருக்க நெய்யப்பட்ட நூல் அது. பூனையின் இழுப்புக்கு அறுபடவே அறுபடாது. குட்டிக்குக் கட்டிவிட்டு மறந்துபோன கயிறு, குட்டி வளர வளரத் தோலுக்குள் புதைந்துபோகும். மாதம் இருமுறை விரலை நுழைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

மருந்தூட்டிய காலர்கள் தனி ரகம். இமிடாகுளோபிரிடும் ஃப்ளூமெத்ரினும் சேர்த்து, பத்து வாரத்துக்கு மேற்பட்ட பூனைகளுக்கென்றே தயாரித்த காலர் எட்டு மாதம்வரை வேலை செய்கிறது. அதைக் கட்டியிருக்கும் பூனைக்குச் சொட்டு மருந்தும் சேர்த்துப் போடக் கூடாது. வேண்டுமானால் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். விலை குறைந்த, பெயர் தெரியாத மருந்துக் காலர்களை நான் எந்தப் பூனைக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறதென்று அட்டையே சொல்லாத பொருளை, நாக்காலேயே தன்னைக் கழுவிக்கொள்ளும் பிராணியின் கழுத்தில் மாதக்கணக்கில் கட்டிவைப்பது எந்த வகையிலும் சரியில்லை. போலிகள் உலகம் முழுக்கப் புழங்குகின்றன. பிரிட்டனின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் 2025-ல் போலித் தெள்ளுப்பூச்சி மருந்துகளைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. பிடிபட்ட போலிகளில் பிரிமிஃபாஸ்-மெத்தில் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது. அது பூனைக்குக் கொடிய நஞ்சு.

வீராம்பட்டினமும் பெரெனிகேயும்

பூனையின் கழுத்தில் பட்டை கட்டும் ஆசை நேற்று வந்ததில்லை. அதன் பழைய சான்றுகளில் ஒன்று, இந்த ஊரோடு கடல்வழி உறவுகொண்ட ஒரு துறைமுகத்திலிருந்து கிடைத்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

வீராம்பட்டினத்தின் பக்கத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருப்பது அரிக்கமேடு. 1945-ல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ரோமானிய வணிகத்தின் தடயங்களை உலகுக்குக் காட்டினார். அவருக்குப் பின் 1940-களின் இறுதியில் அகழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-மரி கசால், 1949-ல் பாரிஸில் வெளியிட்ட தம் நூலின் தலைப்பிலேயே இடத்தை ‘வீராம்பட்டினம்–அரிக்கமேடு’ என்று குறித்தார். கண்ணாடி மணி செய்வதில் பேர்பெற்ற இடம் அது.

கடலின் அந்தக் கரையில், எகிப்தின் செங்கடல் ஓரம், பெரெனிகே. இந்தியாவுக்குக் கப்பல் விட்ட ரோமானியத் துறைமுகம். அங்கே கிலோக்கணக்கில் நம் மிளகு கிடைத்திருக்கிறது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்திருக்கிறது. ஊருக்கு வெளியே, கி.பி. முதலிரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒரு செல்லப்பிராணி இடுகாடும் கிடைத்தது. போலந்து விலங்கெலும்பு ஆய்வாளர் மார்த்தா ஓசிபின்ஸ்காவின் குழு அங்கே 585 விலங்குகளின் எலும்புகளை ஆராய்ந்தது. பத்தில் ஒன்பதுக்கு மேல் பூனைகள். அவற்றில் சிலவற்றின் கழுத்தில் இரும்புப் பட்டை இருந்தது. சிலவற்றுக்குக் கண்ணாடி மணியும் சிப்பி மணியும் கோத்த மாலை இருந்தது. கூடவே இந்தியாவிலிருந்து கப்பலில் போன குரங்குகளும் புதைக்கப்பட்டிருந்தன. அந்த விலங்குகளில் வயதானவையும் நோய்ப்பட்டவையும் இருந்தன. யாரோ அவற்றுக்கு உணவூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை எலும்புகளே சொல்கின்றன.

அந்தப் பூனைகளையும் தெள்ளுப்பூச்சி கடித்திருக்கும். ஆனால் பின்கழுத்தில் விடும் மருந்து அன்று இல்லை என்பதால் மாலையை யாரும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. நமக்கு அந்த வேலை சேர்ந்திருக்கிறது.

நாய்க்கு மருந்து, பூனைக்கு நஞ்சு

பட்டையைக் கழற்றாமல் மருந்து போடுவதால் வரும் கேடு பெரும்பாலும் புண்ணோடு போகும். தவறான மருந்தைப் போட்டால் பூனையே போய்விடும். இந்த விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது.

நாய்க்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. செறிவு 45 முதல் 65 சதவீதம்வரை போகும். நாய் அதைத் தாங்கும், பூனை தாங்காது. நஞ்சுகளை உடம்பிலிருந்து கழிக்கக் கல்லீரலில் நடக்கும் ஒரு வேதிவினை பூனையிடம் மிகக் குறைவு. அதற்குரிய ஒரு மரபணு பூனையில் செயலற்றுக் கிடப்பதை 2000-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்ல இந்தக் குறைதான் காரணம். பெர்மெத்ரினுக்கும் இதுவே காரணம் என்று கருதப்படுகிறது. லண்டனிலுள்ள கால்நடை நஞ்சுத் தகவல் மையத்தில் பதிவான 286 பூனைகளின் கதையை 2007-ல் வெளியிட்டார்கள். எல்லாமே பெர்மெத்ரின் சொட்டு மருந்து பட்டவை. பெரும்பான்மையானவற்றுக்கு நடுக்கம், துடிப்பு, வலிப்பு. 10.5 சதவீதம் செத்தன, அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. அவற்றை வளர்த்தவர்கள் பூனைமீது பிரியம் வைத்தவர்கள்தான். நாய் மருந்தில் கொஞ்சம் போட்டால் என்ன என்று நினைத்தவர்கள்.

நம் பக்கத்தில் ஆபத்து இன்னும் பல உருவத்தில் இருக்கிறது. மாட்டு உண்ணிக்காக விற்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் திரவங்கள் எல்லாம் பெர்மெத்ரினின் உறவினர்கள். பாகூர்ப் பக்கம் வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் கலக்கித் தடவுவதும் அப்படித்தான். சொட்டு மருந்திலும் ஃபிப்ரோனில், நெல் மருந்திலும் ஃபிப்ரோனில் என்று பெயர் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. செறிவு வேறு, கரைத்த திரவம் வேறு. நாய்க்கு உண்ணிக் குளியலுக்குத் தரும் அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. எறும்புக்குக் கோடு கிழிக்கும் சாக்கட்டியைப் பூனை முதுகில் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலும் அதே வகை நஞ்சுதான். மனிதர்களின் பேனுக்கும் சொறிக்கும் தரும் பெர்மெத்ரின் லோஷனும் வேண்டாம். நாய்க்குப் பெர்மெத்ரின் போட்டிருந்தால், மூன்று நாளாவது பூனையை அதன் பக்கத்தில் படுக்கவிடக் கூடாது.

இயற்கை மருந்து என்ற நம்பிக்கையில் செய்வதிலும் கவனம் வேண்டும். யூகலிப்டஸ் தைலம், கிராம்புத் தைலம், எலுமிச்சைத் தோல் எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் எல்லாம் பூனையின் கல்லீரலுக்குப் பளு. கற்பூரமும் அந்துருண்டையும் விஷம். வேப்பெண்ணெயைத் தடவினால் பூனை அதை நக்கித் தீர்க்கும். வாந்தியும் நடுக்கமும் வரலாம். மண்ணெண்ணெய் தோலைச் சுட்டுவிடும். புகையிலைத் தண்ணீர் நிகோட்டின் நஞ்சு.

தவறுதலாகப் பட்டுவிட்டால் என்ன செய்வது? பூனையின் காது, முகம் துடிக்கும், தோல் சிலிர்த்துச் சுளிக்கும், நடை தடுமாறும், பிறகு உடம்பு முழுக்க நடுக்கம். சில மணி நேரத்திலும் வரலாம், மூன்று நாள் கழித்தும் வரலாம். உடனே பட்டையைக் கழற்றுங்கள். பட்டையில் ஊறிய மருந்து கழுவிய பிறகும் திரும்பத் தோலில் ஏறும் என்பதால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பூனை வலிப்பில் இல்லையென்றால், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் மருந்து பட்ட இடத்தைக் கழுவுங்கள். சூடான தண்ணீர் மருந்தைத் தோலுக்குள் வேகமாக இழுத்துவிடும். பச்சைத் தண்ணீர் உடம்பைக் குளிரவைக்கும். துண்டால் துவட்டி, போர்த்தி, மருத்துவரிடம் ஓடுங்கள். பாலோ முட்டையோ இளநீரோ ஊற்ற வேண்டாம், வாந்தியெடுக்க வைக்கவும் வேண்டாம். இந்த நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. ஆனால் துடிப்பை அடக்கும் ஊசியும், நரம்பு வழி ஏற்றும் கொழுப்புத் திரவமும், சில நாள் கவனிப்பும் கிடைத்தால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துவிடுகின்றன. புதுச்சேரியில் குரும்பாப்பேட்டையில் ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருப்பது நமக்குக் கிடைத்த வசதி. போகும்போது மருந்தின் அட்டையையும் குப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் மருத்துவரின் வேலை பாதி குறையும்.

இவ்வளவு பெரிய ஆபத்து மருந்து அட்டைகளில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. மீனவத் தெருவில் மருந்து வாங்கும் ஒரு தாய்க்கு அது எப்படிப் போய்ச் சேரும்? ‘நாய்க்கு மட்டும், பூனைக்குப் போட்டால் செத்துவிடும்’ என்று தமிழில் பெரிதாக எழுதிய ஒரு தாளைக் கடையில் ஒட்டிவைக்கப் பெரிய செலவாகாது. கால்நடைத்துறை அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

பூனையில் கொஞ்சம், பாயில் மிச்சம்

சரியான மருந்தைச் சரியான இடத்தில் வைத்தும் பூச்சி போகவில்லை என்பவர்கள் வீட்டைத்தான் பார்க்க வேண்டும். பூனைமேல் தெரியும் பூச்சிகள் மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குதான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டுக்குள் இருக்கின்றன. ஒரு பெண் தெள்ளுப்பூச்சி நாளுக்கு நாற்பது, ஐம்பது முட்டைவரை இடும். முட்டை பூனையின்மேல் ஒட்டாது. அது படுக்கும் இடத்திலெல்லாம் உதிரும். புழுக்களுக்கு வெளிச்சம் ஆகாது, ஈரமும் நிழலும் வேண்டும். சுருட்டி வைத்த வலைக்கு அடியில், சாக்குமேல், பாயின் மடிப்பில், தென்னங்கீற்றுக் கொட்டகையின் மண்தரையில் எல்லாம் கிடைக்கும். கூட்டுப்புழுவாகிவிட்டால் எந்த மருந்தும் எளிதில் உள்ளே போகாது. மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் மூச்சின் சூடும் பட்டதும் வெளியே குதிக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மூன்று வாரத்தில் ஒரு தலைமுறையே முடிந்துவிடுகிறது. குளிர்காலம் என்று ஒன்று இல்லாத நம் கடற்கரையில் அதற்கு ஓய்வே கிடையாது.

வெயில்தான் நம் கையில் உள்ள மலிவான மருந்து. நேர்வெயிலின் சூட்டில் முட்டையும் புழுவும் காய்ந்து சாகும். பாய், சாக்கு, பூனை படுக்கும் துணி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். வலையை இடம் மாற்றி, அடியில் உள்ள தூசியைக் கூட்டி அள்ளி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். வீட்டிலிருக்கும் எல்லாப் பூனைக்கும் நாய்க்கும், அவரவர்க்குரிய மருந்தை ஒரே நாளில் வையுங்கள். மூன்று மாதமாவது விடாமல் மாதம் ஒருமுறை போட்டால்தான் கூட்டிலிருந்து புதிதாக வருவதும் சாகும். இரண்டாவது வாரத்தில் பூச்சி மறுபடி தெரிந்தால் பதறாதீர்கள். மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

எட்டு வாரம் ஆகாத குட்டிக்குச் சொட்டு மருந்து வேண்டாம். நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரி, வரும் பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். சீப்பில் வரும் கறுப்புத் தூளை நனைத்த வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது பூச்சி கழித்த இரத்தம். ஈறு வெளுத்துச் சோர்ந்து கிடக்கும் குட்டி இரத்தம் இழந்துகொண்டிருக்கிறது. அதற்கு நாளைவரை நேரமில்லை.

பூச்சியால் வருவது அரிப்பு மட்டும் என்று நினைக்கவும் கூடாது. தெள்ளுப்பூச்சியை விழுங்கும் பூனைக்கு ஒரு வகை நாடாப்புழு வரும். மலத்தில் சோற்றுப் பருக்கைபோல் துண்டுகள் தெரியும். தரையில் தவழும் குழந்தைக்கும் அப்படியே வரலாம். பூனை கீறினால் வரும் ஒரு காய்ச்சலின் கிருமி, பூனைகளுக்கிடையே பரவுவது தெள்ளுப்பூச்சியின் கழிவால்தான். எலியிடமிருந்து மனிதனுக்கு பிளேக் நோயைத் தெள்ளுப்பூச்சி கொண்டுவருகிறது என்பதை 1898-ல் கராச்சியில் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு மருத்துவர் போல்-லூயி சிமோன். எலிப்பூச்சி வேறு, பூனைப்பூச்சி வேறு; என்றாலும் எலியைக் கவ்வும் பூனையின்மேல் எலியின் பூச்சியும் ஏறும். பூச்சிவழி நோய்களுக்கென்றே 1975 முதல் ஓர் ஆராய்ச்சி மையம் இயங்கும் ஊர் புதுச்சேரி. கொசுவுக்குக் கொடுக்கும் கவனத்தில் கொஞ்சத்தை இதற்கும் கொடுக்கலாம்.

இறாலுக்கும் ஆகாது

மருந்து வைத்த நாயைக் கழிமுகத்தில் கொண்டுபோய்க் குளிப்பாட்டும் வழக்கம் உள்ளவர்களுக்கு இது. மருந்து ஊறிய பட்டையை ஆற்றில் அலசுபவர்களுக்கும்தான்.

பூச்சியின் நரம்பைத் தாக்கும் ஃபிப்ரோனில், பூச்சிக்கு நெருங்கிய உறவான இறாலையும் நண்டையும் விட்டுவைக்காது. அமெரிக்காவின் லூசியானாவில் 1999 முதல் நெல்விதைக்கு ஃபிப்ரோனில் பூசி விதைத்தார்கள். அதே வயல்நீரில் வளர்த்த நன்னீர் சிங்கிறால்கள் செத்து மடிந்தன. விவசாயிகள் வழக்குப் போட, மருந்து நிறுவனம் 2004-ல் நாலரைக் கோடி டாலர் கொடுத்துச் சமரசமாகிவிட்டது. இங்கிலாந்தின் இருபது ஆறுகளில் 2016 முதல் 2018 வரை எடுத்த தண்ணீர் மாதிரிகளைச் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஏறத்தாழ எல்லா மாதிரியிலும் ஃபிப்ரோனில் இருந்தது. அந்நாட்டு வயல்களில் அப்போது அது கிட்டத்தட்டப் புழக்கத்திலேயே இல்லை. நாய், பூனைகளின் உடம்பிலிருந்து கழுவப்பட்டு, சாக்கடை வழியே வந்தது அது என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

நம் அரியாங்குப்பம் ஆறு பெரிய ஆறில்லை. முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபடும் மாதங்களில் தண்ணீர் தேங்கியே நிற்கும். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளரும் இடம் அது. மருந்து வைத்த இரண்டு நாளுக்குள் எந்தப் பிராணியையும் அந்தத் தண்ணீரில் இறக்காதீர்கள். பட்டையை வீட்டிலேயே ஒரு வாளியில் துவைத்து, அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விடாமல், ஆற்றையும் கிணற்றையும் விட்டுத் தள்ளிய காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். காலிக் குப்பியை மூடி, தாளில் சுற்றி, குப்பை வண்டியில் போடுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் மருந்து வைத்து முடித்த பிறகு, பூச்சி தெரியாத மாதங்களில் தேவையில்லாமல் மாதாமாதம் மருந்து வைக்கவும் வேண்டாம். சீப்பால் வாரிப் பாருங்கள். பூச்சி தெரிந்தால் மட்டும் குப்பியை எடுங்கள், பட்டையைக் கழற்றிவிட்டு.